மலையேறும் பலகையும் மின்கருவியும்

சுவரில் மரப்பலகை பதிக்கும் வேலையைப் பற்றியும், அதைக் குடும்பஸ்தர் ஒருவர் தம் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டால் எந்த மின்கருவிகளை வாங்கலாம், எவற்றை வாங்காமலிருப்பது உத்தமம் என்பதைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறேன். போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் இந்த விஷயம் மற்ற ஊர்களைக் காட்டிலும் சற்றுச் சிக்கலானது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் ஏலத்தோட்டம் வைத்துக்கொண்டு கீழே போடியில் குடியிருப்பவர்கள் பலர் உண்டாதலால், ஒரே மனிதர் இரண்டு வீடுகளுக்குச் சொந்தக்காரராகவும், அந்த இரண்டு வீடுகளும் முற்றிலும் வேறான இரண்டு சீதோஷ்ணங்களுக்கு உட்பட்டவையாகவும் அமைந்துவிடுகின்றன.

போடி சுமார் 1,100 அடி உயரத்தில், மலையின் மழை மறைவில் கிடக்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எட்டும் போடிமெட்டோ 4,000 அடிக்கு மேற்பட்டது. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகும். ஒரு மணி நேரப் பிரயாணத்தில் நேரும் இந்த மாறுதலை மனிதர் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சமாளித்து விடுகிறார். பலகைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அறுபட்டு, இழைக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். வாங்கும்போது அகலத்தில் உப்பும், விடும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்திலோ ஏறக்குறைய அசைவதே இல்லை. நாலங்குலப் பலகை ஒன்று ஒரே ஒரு மில்லிமீட்டர் உப்பினாலும், முப்பது பலகைகளை இடைவெளியின்றி இறுக்கி நிறுத்திய சுவரில் அது 30 மில்லிமீட்டராகித் திரண்டு, போவதற்கு இடமில்லாமல், நடுச்சுவரில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

போடிக்காரர்களுக்கு இதை நான் விஸ்தாரமாக விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு ஈரத்தோடு வரும் பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு இறக்கி, நிறமும் கெடாமல் எடுக்கிற வித்தையை அறிந்தவர்கள், பலகை விஷயத்தில் மட்டும் அந்த ஞானத்தை மறந்துவிடுவதுதான் எனக்கு ஆச்சரியம். ஆகையால் வாங்க வேண்டிய முதல் கருவி எது என்று என்னைக் கேட்டால், மோட்டாரே இல்லாத ஒன்றைத்தான் சொல்வேன். இரண்டு ஊசிமுனைகளைப் பலகையில் குத்தினால் உள்ளிருக்கும் ஈரத்தைச் சதவிகிதமாகக் காட்டும் ஈரமானி அது, சட்டைப்பையில் அடங்கும். மரத்தின் ஈரத்துக்கு வரம்பு கட்டிய இந்தியத் தர விதி, நாட்டைக் காற்றின் ஈரத்தையொட்டி நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது என்பதிலிருந்தே, எல்லா ஊருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பது விளங்கும். பலகையை எந்த அறையில் பதிக்கப் போகிறோமோ அந்த அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி இரண்டு மூன்று வாரம் கிடக்க விட்டு, ஈரமானியின் எண் ஏறாமலும் இறங்காமலும் ஓரிடத்தில் நின்ற பிறகு ரம்பத்தைத் தொடுவதே முறை.

இனி மோட்டார் உள்ளவற்றுக்கு வருவோம். சுவரில் துளையிட்டால்தான் பலகையைத் தாங்கும் சட்டம் நிற்கும்; சட்டம் நின்றால்தான் பலகை. கையில் பிடிக்கும் மின்துளைக் கருவியை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபைன் என்பவரின் கம்பெனி செய்தது. துளைக்குள் செருகும் கட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு: லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, ஜான் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல் நாரால் ஒரு செருகியைச் செய்தார். ராவல் பிளக் என்று நம் எலக்ட்ரீஷியன்கள் கேட்டு வாங்குவதற்கு அதுவே மூலம். அதன் நைலான் வடிவம் 1958-இல் ஆர்த்தர் ஃபிஷரால் வந்தது. கடைக்காரர் பெரும்பாலும் வாட் கணக்கைச் சொல்லி விற்பார். நாம் பார்க்க வேண்டியது வாட் அல்ல, நம் சுவர். போடியில் பெரும்பாலும் செங்கல்லோ சிமென்ட் பிளாக்கோ இருக்கும். மேலே பழைய பங்களாக்களில் கருங்கல் இருக்கும். பிளாக் சுவரில் சுத்தியல் போல இடித்துத் துளைக்கும் விசையைப் போட்டால், உள்ளே பொள்ளலாக இருக்கும் அதன் மெல்லிய ஓடு உடைந்து, செருகி பிடிப்பின்றிச் சுழலத் தொடங்கிவிடும். அங்கே விசையை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியாலேயே துளையிட வேண்டும். கருங்கல்லுக்கோ சாதாரண டிரில் போதாது. ரோட்டரி ஹாமர் வேண்டும். ஒரு வீட்டுக்காக அதை விலைகொடுத்து வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் தீர்ந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, விசையைப் போடவும் நிறுத்தவும் வசதியுள்ள நடுத்தரமான டிரில் ஒன்றை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். பலகை ஓரத்தில் திருகு இறக்குமுன் சிறு துளை போட்டு மரம் பிளவாமல் காப்பதற்கும் அதுவே உதவும்.

அடுத்தது ரம்பம். இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரத்துக்கான பல் தகட்டை மாட்டி, அதனாலேயே எல்லாப் பலகையையும் அறுத்துத் தள்ளுவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. விலை குறைவு, எடை குறைவு, வேகம் அதிகம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்த யந்திரம் நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழல்வது, பற்களில்லாத வைரத் தகட்டுக்காக; மரத்தில் அந்த வேகத்தில் போகும் பல் கணுவில் சிக்கினால், கருவி முழுவதும் பிடித்தவர் பக்கமாகத் துள்ளும். ஏழங்குலத் தகடுள்ள மர ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றோடு நின்றுவிடுகிறது. அதன் அடித்தட்டு அகலம், தகட்டை மூடும் உறையும் தானாகத் திரும்பி வந்து மூடிக்கொள்ளும். பழகிய ஆசாரியார் கட்டரைக் கொண்டு வேலை செய்தால் அது அவருடைய சாமர்த்தியம். புதிதாகத் தொடங்குகிறவர் அதைப் பின்பற்றலாகாது.

நேர்க்கோட்டு அறுவையைவிட, சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியும் ஜன்னல் மூலையிலும் பலகையை வெட்டி உட்கார வைப்பதில்தான் தேர்ச்சி வெளிப்படுகிறது. ஒரு வீட்டுச் சுவரை மதிப்பிட வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது சுவிட்சைச் சுற்றியுள்ள விளிம்பை. அங்கே சிராய் எழும்பியிருந்தாலோ, இடைவெளியை மெழுகாலும் மரத்தூள் பசையாலும் அடைத்திருந்தாலோ, மற்ற இடங்களின் பளபளப்பு என்னை ஏமாற்றாது. இந்த வேலைக்கு ஏற்றது ஜிக்சா. ஸ்விட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் 1946-இல், தையல் யந்திரத்தின் ஊசியைக் கழற்றி அந்த இடத்தில் அறுவைத் தகட்டை மாட்டிப் பார்த்ததிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வார்கள். தகடு மேல்நோக்கி வரும்போதே மரத்தைக் கடிப்பதால் சிராய் மேல்பக்கத்தில்தான் எழும். ஆகவே சுவரில் தெரியப்போகும் நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து, முதுகுப்புறத்தில் கோடு கிழித்து அறுக்க வேண்டும்.

பலகையின் ஒரு விளிம்பில் காடியும் மறு விளிம்பில் அதற்குள் நுழையும் நாக்கும் எடுப்பதற்காக ரூட்டர் வாங்கத் துடிக்கிறவர்கள் உண்டு. அறுவை மில்லிலேயே அதை எடுத்துக் கொடுக்கும்போது அந்தச் செலவும் தூசியும் எதற்கு? நாக்கின் வழியாக ஆணி இறக்கினால் அடுத்த பலகையின் காடி அதை மறைத்துவிடும் என்பதால், ஆணித்துப்பாக்கியும் காற்று கம்ப்ரெஸரும் ஓர் அறைக்கு ஆடம்பரமே. சாதாரணச் சுத்தியல் போதும். தேய்ப்புக்குச் சிறிய சாண்டர் ஒன்றை அண்டை வீட்டில் இரவல் வாங்கலாம். தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தின் பலகையானால் அந்தத் தூள் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் வேண்டும். மரம் நம் தோட்டத்தில் விழுந்ததுதானே என்று அதிகாரிகளைக் கேட்காமல் லாரியில் ஏற்றிவிடவும் கூடாது. தமிழக, கேரள எல்லையின் இருபுறத்திலும் மலைப் பகுதி மரங்களுக்குச் சட்டம் உண்டு.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் லைனின் கடைக்கோடியிலுள்ள வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கும். அப்போது மோட்டார் தளர்ந்து சுழலும். அதைக் குளிர்விக்கும் விசிறியும் கூடவே தளர்வதால், நாம் அழுத்தி வேலை வாங்க வாங்கச் சுருள் சூடேறிக் கருகும். நீளமான மெல்லிய ஒயரைச் சுருட்டியபடியே வைத்து மின்சாரம் எடுப்பது இந்தத் தீமையை இரட்டிப்பாக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். மேலே வேலை செய்கிறவர்களுக்கு 18 வோல்ட் பாட்டரிக் கருவிகள், விலை கூடுதலானாலும், நியாயமான தேர்வு. செருகி இயக்கும் கருவியானால், உடலில் இரட்டை மின்காப்பைக் குறிக்கும், சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும், ஓதமேறிய சுவரைத் துளைக்கிறவருக்கு உயிர்க்காப்பு.

சுவருக்கும் பலகைக்கும் இடையே ரீப்பர் சட்டம் கொடுத்துக் காற்றுக்கு வழி விட வேண்டும். பலகை நெடுக்காக நிற்குமானால் சட்டம் குறுக்காகப் போகும். சுவரின் இரு கோடிகளிலும் பத்து மில்லிமீட்டராவது விட்டு, அதை மூலைச் சட்டத்தால் மறைத்துவிடலாம். காய் எடுப்பு முடிந்து கைக்கு ஓய்வு கிடைக்கும் மாசி, பங்குனியில் மரம் வறண்டு குறுகியிருக்கும்; அப்போது பதிக்கிறவர் ஒவ்வொரு காடியிலும் ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையின் கனத்துக்கு இடம் விட வேண்டும். மேலே ஆடி மழையில் பதிக்கிறவர் பலகையை நெருக்கியே வைக்கலாம். அது கோடையில் தானே விலகிக்கொள்ளும். அப்படி விலகும்போது வெளிப்படும் நாக்கின் ஓரம் பூச்சில்லாமல் வெளுத்துக் கோடு கோடாகத் தெரியுமாகையால், பலகைகளைச் சுவரில் ஏற்றுமுன்பே நாக்குக்கும் சேர்த்து வார்னிஷ் பூசிவிட வேண்டும்.