வளையத்தை மூடுவதற்கு முன்



டாட்டிங் லேஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வேலை கற்ற புதிதில் எனக்கு ஒரே அவசரம். உருப்படிக்கு இவ்வளவு என்றுதானே கூலி? வேகமாகப் போட்டால் காசு கூடும் என்று நினைத்தேன். ஒரு நாள் 12 வட்ட விரிப்புகள் கொண்டுபோனேன். வாங்குபவர் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துப் பார்த்தார். 5 விரிப்புகள் படியவில்லை. கிண்ணம் போல ஓரம் தூக்கி நின்றன. திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி இல்லை. நூலுக்கும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஓர வளையம் ஒவ்வொன்றிலும் 20 இரட்டை முடிச்சு இருக்க வேண்டும். சிலவற்றில் 19, சிலவற்றில் 18. ஓரம் சுருங்காமல் என்ன செய்யும்?

பிரித்துப் போடலாமே என்பீர்கள். மூடி இறுக்கிய வளையத்தைப் பிரிப்பது லேசு இல்லை. ஊசியால் நோண்டினால் நூல் பஞ்சாகிவிடும். பல தடவை வெட்டித்தான் எறிய வேண்டும்.

அதனால் வளையத்தை மூடுவதற்கு முன் கையை நிறுத்துங்கள். எண்ணுங்கள். 5 முடிச்சு, ஒரு காது, 5 முடிச்சு, ஒரு காது, 5 முடிச்சு, ஒரு காது, 5 முடிச்சு. நான் நோட்டில் 5-5-5-5 என்று எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

முடிச்சு விரலில் சுற்றிய நூலில் விழ வேண்டும். ஷட்டில் நூல் அதன் உள்ளே நேராக ஓட வேண்டும். இது மாறிவிட்டால் வளையம் மூடவே மூடாது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஷட்டில் நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓடவில்லையா? அப்போதே அவிழுங்கள். நாலு முடிச்சு தாண்டிவிட்டால் பெரும்பாடு.

காதுகளும் ஒரே உயரமாக நிற்க வேண்டும். தபால் கார்டில் 6 மில்லிமீட்டர் அகலத் துண்டு வெட்டி, இரு முடிச்சுக்கு நடுவே வைத்து இடைவெளி விடுங்கள். முடிச்சுகளை நெருக்கினால் காது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நிற்கும்.

முதல் வாரம் எனக்கு உருப்படி குறைந்தது. வீட்டில் முணுமுணுப்பு. உருப்படிக் கூலி நம்மை விரட்டத்தான் செய்கிறது. குறை நம் கையில் மட்டும் இல்லை. ஆனால் வேகத்தில் இயந்திரத்தை யார் வெல்ல முடியும்? ஆந்திராவில் நரசாபுரம் பெண்கள் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். இயந்திர லேஸ் அவர்கள் பிழைப்பிலும் கை வைத்தது. அந்தக் கைவேலைக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலை என்று கேட்டு வாங்குகிறவர் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்.

சரி, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டால் வெள்ளை நூல் கறுத்துவிடும். ஷட்டிலை எடுங்கள். ஒரு வளையம் போடுங்கள். மூடாமல் என்னிடம் காட்டுங்கள்.