தையல் மெஷினும் சோப்பு டப்பாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் போத்தனூர் குழு உறுப்பினர் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "அந்த மோட்டார் கதையைச் சொல்லு" என்று ஊக்குநர் அக்கா பிடித்துத் தள்ளியதால் வந்து நிற்கிறேன்.

எங்கள் குழுவில் நாலு பேர் மஞ்சப்பை தைக்கிறோம். மோட்டார் போட்ட மெஷின். அதன் பெடல் கெட்டுப்போனதும், பாலிடெக்னிக் படிக்கிற என் மகன் ஒரு சோப்பு டப்பாவுக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சர்க்யூட் செய்து கொடுத்தான். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டிரையாக், ஒரு டயாக், கண்டன்சர், திருகுகிற குமிழ். டிரையாக் ஒரு கதவு மாதிரி. அது தாமதமாகத் திறந்தால் மோட்டாருக்குக் குறைவாகக் கரண்ட் போகும், சீக்கிரம் திறந்தால் அதிகம் போகும். இந்தத் திறப்பு ஒரு நொடிக்கு 100 தடவை நடக்கிறது. குமிழில் வேகத்தை வைத்துக்கொண்டு, கீழே இருக்கிற கால் சுவிட்சை அமுக்கித் தைப்போம்.

ஒரு நாள் எங்கள் அக்கா ஒருவர் தைக்கும்போது, குமிழ் குறைவில் இருந்தும் மெஷின் பேய் பிடித்த மாதிரி ஓடி, ஊசி விரலில் இறங்கிவிட்டது. டிரையாக் போயிருந்தது. மகன் புதிது மாற்றினான். மூன்றாம் நாள் அதுவும் போனது. அன்றும் தைத்தது அதே அக்காதான்.

நான் வாரக் கூட்டத்தில், எல்லார் முன்னாடியும், "அவங்க மெஷினைப் போட்டு முரட்டுத்தனமா ஓட்டறாங்க. செலவை அவங்க சேமிப்புல பிடிக்கோணும்" என்று சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கூட்டத்துக்கே வரவில்லை.

எங்கள் வீதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனம்மிணி, டப்பாவையே நோண்டறீங்களே, மோட்டாரைத் தொறந்து பாத்தீங்களா?"

முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மீட்டரை வைத்து டிரையாக்கின் முதல் இரண்டு கால்களைத் தொட்டார். 'பீப்' என்று கத்தியது. உள்ளே ஒட்டிப்போய்விட்டது, அதாவது கதவு மூடவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் முழு வேகம். புது டிரையாக் போட்டதும், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் 100 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டினார். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. குமிழைத் திருகினால் பல்பு மங்கலாக ஆரம்பித்துப் பளிச்சென்று வந்தது. டப்பாவில் கோளாறு இல்லை.

அப்புறம் டப்பா இல்லாமல் மோட்டாரை நேராக ஓடவிட்டார். காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே மத்தாப்பு மாதிரி நீலப் பொறி! மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்க மூடியையும் திருகி எடுத்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. பிரஷ் செம்பு வளையத்தில் சரியாக உட்காராமல் துள்ளியது. அந்தப் பொறியிலிருந்து வரும் அடிதான் டிரையாக்கைத் தின்றிருக்கிறது. யார் தைத்தாலும் போயிருக்கும்.

புது பிரஷ் போட்டு, கரித்தூளைத் துடைத்தோம். டிரையாக்கின் குறுக்கே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரையும், 275 வோல்ட் ஏ.சி. என்று எழுதிய 0.1 மைக்ரோ கண்டன்சரையும் தொடராகச் சேர்த்தோம். இனி வரும் அடியை அது தாங்கிக்கொள்ளும். ஒரு ஃபியூஸும் வைத்தோம். இன்னொன்றையும் பெரியவர் கண்டுபிடித்தார். என் மகன் சூடு குறைய வேண்டுமென்று டிரையாக்கின் முதுகைத் தகரத் துண்டில் திருகி, அதை டப்பாவுக்கு வெளியே நீட்டியிருந்தான். அந்த முதுகிலும் 230 வோல்ட் இருக்குமாம். இத்தனை நாள் அதன் பக்கத்தில் கை வைத்துத் தைத்திருக்கிறோம். நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது. தகரத்தை உள்ளே தள்ளி மூடிவிட்டோம்.

அன்று சாயங்காலமே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்பு எம் மேலதானுங்க அக்கா" என்றேன். "கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துல வந்து சொல்லு கண்ணு" என்றார். நியாயந்தானே? சொன்னேன். நோட்டிலும் எழுத வைத்தேன்.

இந்த டப்பா பேர் வாங்கியதும், மாவு அரைத்து விற்கிற ஒரு சகோதரி, "எங்க கிரைண்டருக்கும் ஒண்ணு செஞ்சு கொடு" என்று கேட்டார். வேண்டாமுங்க. 1937இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் நம் கோயமுத்தூர், ஆனால் எல்லா மோட்டாரும் ஒன்றல்ல. கிரைண்டர் மோட்டாரில் பிரஷ் கிடையாது, பக்கத்தில் கண்டன்சர் இருக்கும். கரண்டைக் குறைத்தால் கல்லின் பாரத்தில் திணறி, உறுமிக்கொண்டே நின்று, காயில் கருகிவிடும். ஃபேனுக்கு மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். ஃபேன் தள்ளுவது காற்றைத்தானே, வேகம் குறைந்தால் அதன் பாரமும் குறைந்துவிடும். கிரைண்டருக்கு வேகம் மாற்ற வேண்டுமென்றால் புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

டெஸ்ட் பல்பும் மீட்டரும் இப்போது கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் இருக்கின்றன. நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். பல்பை மட்டும் உடைச்சுடாதீங்க, குண்டு பல்பு இப்ப கிடைக்கறதே பெரும்பாடா இருக்குதுங்க.