முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு

(கிளப் ஹவுஸில் நடந்த மாதக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். விடுமுறைப் பயணங்களை முன்னிட்டு இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



போன வாரம் லிஃப்டில் செயலாளர் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "லீவு வருதும்மா. நம்ம அபார்ட்மென்ட்லயே நாலஞ்சு பேர் சின்னக் குழந்தையோட தனியா ஃப்ளைட்ல போகப் போறாங்க. நீங்க ஏற்கெனவே போய்ட்டு வந்தவங்கதானே, ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் ஒன்றும் பயண நிபுணர் இல்லை. ஒரே ஒரு தடவை, ஏகப்பட்ட தப்புகளோடு அப்படிப் பயணம் செய்தவள். அந்தத் தப்புகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதம். நாங்கள் அப்போது சிகாகோவில் இருந்தோம். இங்கே சி பிளாக்கில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். என் கணவர் புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, லீவு கேட்க முடியாத நிலை. மகனுக்கு 20 மாதம், 11 கிலோ. வளைகுடாவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை 26 மணி நேரம். நானும் அவனும் மட்டும்.

முதலில் டிக்கெட். இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் தனி சீட் கட்டாயமில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வயது முடிந்துவிட்டால் தனி சீட் எடுத்தே ஆக வேண்டும். போகும்போது 23 மாதம், திரும்பும்போது 24 மாதம் தாண்டிவிடும் என்றால், திரும்பும் டிக்கெட்டுக்குச் சீட் வாங்க வேண்டியிருக்கும். புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பணத்தை மிச்சம் பிடிக்க மடி டிக்கெட் எடுத்தேன். ஒரு மணி நேரம் கோயம்புத்தூர் போக அது போதும். ஓடுகிற வயதுக் குழந்தையோடு 14 மணி நேரத்துக்குப் போதவே போதாது. வசதி இருந்தால் நீண்ட பயணத்துக்குத் தனி சீட் எடுங்கள். தொட்டில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். விமானத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, பெரும்பாலும் 10, 11 கிலோவைத் தாண்டாது. நடக்கும் குழந்தை அதில் அடங்காது.

விமானம் மாறுவதற்கு நான் விட்டிருந்த இடைவெளி ஒன்றரை மணி நேரம். குழந்தையோடு போகிறவர்கள் மூன்று மணி நேரமாவது விடுங்கள். டயபர் மாற்ற, பால் கலக்க, கொஞ்சம் ஓடவிட அந்த நேரம் வேண்டும்.

காகிதங்கள். உள்நாட்டுப் பயணம்தானே என்று குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மடிக் குழந்தைக்கு வயது அத்தாட்சி கேட்பார்கள். வெளிநாடு என்றால் குழந்தைக்கும் பாஸ்போர்ட், விசா. குழந்தை வெளிநாட்டுக் குடிமகன் என்றால் ஓசிஐ அட்டை. பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போகும்போது, வராத மற்றவர் சம்மதக் கடிதம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுப்பது நல்லது. சில நாடுகளின் இமிக்ரேஷனில் கேட்பது உண்டு. அந்த நேரத்தில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், போன் எடுக்க மாட்டார்.

பை. எனக்கு ஒரு தோள் பை, ஒரு கைப்பை, ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு ஸ்ட்ரோலர். கை மட்டும் இரண்டு. முதுகில் மாட்டும் பை ஒன்றே ஒன்று போதும். அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டயபர் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் நாலைந்து. குழந்தைக்கு இரண்டு செட் துணி. உங்களுக்கும் ஒரு செட். இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம், அவன் வாந்தி எடுக்கும் இடம் நம் மடிதான். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி இருக்கிறது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. செக்யூரிட்டியில் கேட்பதற்கு முன் நாமே வெளியே எடுத்துக் காட்டிவிட்டால் வேலை சுலபம்.

ஸ்ட்ரோலரைப் பெரும்பாலும் விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போகலாம், அங்கே அட்டை கட்டி வாங்கி வைப்பார்கள். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எனக்கு எந்த ஊரில், எந்த இடத்தில் திரும்பக் கிடைக்கும்?" நான் கேட்கவில்லை. அது நேராகச் சென்னைக்குப் போய்விட்டது. இணைப்பு விமானத்துக்கு நான் 11 கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

தூங்க வைக்கச் சளி மருந்து கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து, தூங்காமல் ஆட்டம் அதிகமாகிவிடும். மருந்து எதுவானாலும் உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும்.

இப்போது காது விஷயம். முதல் விமானம் தரை இறங்கத் தொடங்கும்போது மகன் நல்ல தூக்கம். அப்பாடா என்று இருந்தேன். திடீரென்று வீறிட்டு எழுந்தவன் நிறுத்தவே இல்லை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்து "ச்சு" கொட்டினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா, தமிழ்தான், "காது வலிக்குதும்மா அவனுக்கு. ஏதாவது குடிக்கக் கொடு" என்றார். பாட்டில் காலி. அவரே மணியை அடித்துத் தண்ணீர் வாங்கித் தந்தார். நாலு மடக்கு குடித்தான். அழுகை விம்மலாகிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

காரணம் இதுதான். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஊட்டியிலிருந்து மெரினாவுக்கு இறங்குகிறோம். மலைப் பாதையில் பஸ்ஸில் வரும்போதே நமக்குக் காது அடைக்கிறதே? காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, அழுத்தம் சீக்கிரம் சமமாகாது. விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும். தூக்கத்தில் நாம் அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால் "இறங்கப் போகிறோம்" என்று அறிவிப்பு வந்ததும், மனசு கேட்காவிட்டாலும், குழந்தையை எழுப்பிவிடுங்கள். தாய்ப்பாலோ, பாட்டிலோ, ஸ்ட்ரா போட்ட தண்ணீரோ கொடுங்கள். அதற்கென்று ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து வையுங்கள். சளியோ காது வலியோ இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

இதெல்லாம் விவரங்கள். நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு.

விமானம் கிளம்பும் முன் ஆக்சிஜன் முகமூடி பற்றிச் சொல்வார்கள், யாரும் கவனிப்பதில்லை. முதலில் உங்களுக்கு மாட்டுங்கள், பிறகு குழந்தைக்கு என்பார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இது காதிலேயே ஏறாது. பிள்ளைக்குத்தானே முதலில்? ஆனால் 35,000 அடியில் காற்றழுத்தம் போய்விட்டால், தெளிவாக யோசித்துக் கை வேலை செய்ய நமக்குக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அதற்குள் நாம் மயங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு மாட்ட ஆளே இல்லை.

எனக்கு முகமூடி விழவில்லை. ஆனால் நான் அந்தத் தப்பைத்தான் 26 மணி நேரமும் செய்தேன். மகனுக்கு இட்லி, ஆப்பிள் துண்டு, பிஸ்கட், உலர்ந்த திராட்சை என்று டப்பா டப்பாவாக எடுத்து வந்தேன். எனக்கென்று ஒன்றும் இல்லை. மடியில் அவன் தூங்குகிறானே என்று சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். பாத்ரூம் போக அவனை யாரிடம் விடுவது என்று தண்ணீரும் குடிக்கவில்லை. சென்னை வந்து இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவனை இடுப்பில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை நொடி தாமதித்திருந்தால் அவனையும் சேர்த்து விழுந்திருப்பேன். பின்னால் நின்ற ஒரு பெண் அவனை வாங்கிக்கொண்டு எனக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவை மறுநாள் போய்ப் பார்த்தேன். பேரனைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "வழியில நீ என்னடி சாப்பிட்ட?" என்றுதான் முதலில் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு டப்பா கட்டுங்கள். ஏறினவுடனே பணிப்பெண்ணிடம் "நான் தனியா வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். டயபர் மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உதவி கேட்கும்போது சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. "இந்தப் பையை மேலே வைக்க முடியுமா?" என்றால் உடனே எழுந்துவிடுவார்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தனியாகப் போகாத மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை விமானத்தில் ஒரு குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் சிரியுங்கள். "பையை நான் எடுத்துத் தரட்டுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். மகளோ மருமகளோ பேரனோடு தனியாக வந்து இறங்கினால், எல்லோரும் குழந்தையைத் தூக்கத்தான் ஓடுவீர்கள். தூக்குங்கள். ஆனால் கூடவே அவளைச் சாப்பிட வைத்து, குளிக்க வைத்து, ஆறு மணி நேரம் தூங்க விடுங்கள். சொந்தக்காரர்களை மறுநாள் வரச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு விஷயம். நான் வந்த முதல் வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "எந்த வீட்டுக் குழந்தை இது? தூங்க முடியவில்லை." அந்தக் குழந்தை என் மகன்தான். நமக்கு ராத்திரி இரண்டு மணி என்றால் அவனுக்குச் சிகாகோவில் மதியம் மூன்றரை, விளையாடும் நேரம். கூசிப் போய் உட்கார்ந்திருந்தேன். காலையில் கீழ் வீட்டு மாமி ஃபிளாஸ்கில் காபியோடு வந்து, "குழந்தையைக் கொடு, நீ போய்ப் படு" என்றார். அவர் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு முகமூடியை மாட்டிவிட்டவர் அவர்தான்.

இந்த விடுமுறையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது வீட்டில் குழந்தை அழுதால், குழுவில் எழுதும் முன் அந்த மாமியை நினைத்துக்கொள்ளுங்கள்.