தாடை நோவும் கைச்செலவும்

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் நாங்கள் ஆற்றிய உரை)



மலையிலே நின்ற களைப்போடு கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட விசயம் தாடை மூட்டு நோவு. "இதெல்லாம் ஒரு வருத்தமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ரொட்டியைக் கடிக்க முடியாமல், கொட்டாவி விடப் பயந்து, ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதைவிட, இந்த நோவுக்காகத் தேவையில்லாத வைத்தியம் செய்து நகையை அடகு வைக்கிற நிலைமைக்கும் ஆள் போகலாம். நோவைப் பற்றியும் செலவைப் பற்றியும் சேர்த்தே பேச வேண்டும் என்று நாங்கள் நினைத்தது அதனால்தான்.

முதலில், தாடை மூட்டு எங்கே இருக்கிறது? காதுக்குச் சரியாக முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்குக் கீழே ஒன்று அசைகிறது அல்லவா? அதுதான். அந்த இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் உள்ள தசைகள்தான் தாடையை இழுத்து மூடுகின்றன. இந்தத் தசை இறுகினாலோ, தட்டு இடம் விலகினாலோ, மூட்டு தேய்ந்தாலோ நோவு வரும். வாய் திறக்கும்போது "டக்" என்று சத்தம் கேட்கும். காது குத்துகிற மாதிரி, பொட்டு வலிக்கிற மாதிரி இருக்கும். கழுத்து நோவும் இதோடு கூடவே வருவது வழக்கம்.

நோவில்லாமல் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். அதற்கு வைத்தியமே தேவையில்லை.

இந்த வருத்தம் நம்முடைய தோட்டத்துக்கு மட்டும் வந்தது அல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் பல், முக ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்குப்படி நூற்றுக்கு 5 முதல் 12 பேருக்கு இது வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். அந்த நாட்டில் இதற்காக வருடத்துக்கு 400 கோடி டொலர் அளவில் செலவாகிறதாம். 2020ஆம் ஆண்டு அங்குள்ள அறிஞர் குழுவொன்று இதைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டது. பல் வைத்தியர் ஒரு பக்கம், உடம்பு வைத்தியர் ஒரு பக்கம் என்று நோயாளி அலைந்து திரிகிறார், சரியான இடம் கிடைப்பதற்குள் காசும் காலமும் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான குறை. பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி என்றால், நாள் சம்பளக்காரர்களான நாம் எவ்வளவு யோசித்து நடக்க வேண்டும்?

இப்போது செலவுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு அக்காவுக்குக் கன்னம் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைவாய்ப் பல்தான் காரணம் என்று நினைத்து டவுனில் ஒரு பல்லைப் பிடுங்குகிறார். நோவு நிற்கவில்லை. அடுத்த மாதம் பக்கத்துப் பல். அதற்கும் நிற்கவில்லை. காது வலி என்று இன்னொரு இடம். ஒரு போத்தல் எண்ணெய், ஒரு கட்டு மாத்திரை, ஒரு எக்ஸ்ரே. ஆறு தடவை டவுனுக்குப் போனால் ஆறு நாள் பேர் போச்சு. கூடப் போன புருசனுக்கும் பேர் போச்சு. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு வேறு. கடைசியில் பார்த்தால் மருந்துக்குப் போன காசைவிட அலைச்சலுக்குப் போன காசுதான் கூட. பிடுங்கின நல்ல பல் திரும்பி வராது. அதனால் சாப்பாடு மெல்ல முடியாமல் போவது இன்னொரு கஷ்டம்.

ஆகவே பல்லைப் பிடுங்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். "இந்தப் பல்லில்தான் நோவா, தாடை மூட்டிலா?" என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இந்த நோவு அநேகம் பேருக்குச் சில கிழமைகளில், சில மாதங்களில் சும்மாவே குறைந்துவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய காரியங்கள் இவை:

ஒன்று, தாடைக்கு ஓய்வு. நம்முடைய கெட்டி ரொட்டியைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். விட முடியாவிட்டால் பருப்புக் கறியில் நன்றாக ஊறவைத்துச் சின்னத் துண்டாகச் சாப்பிடுங்கள். குழைந்த சோறு, கஞ்சி, இடியப்பம், கீரை நல்லது. ஒரே பக்கத்தில் மெல்லாதீர்கள். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையைக் கொடுங்கள்.

இரண்டு, சூட்டு ஒத்தடம். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15, 20 நிமிசம் வையுங்கள். தோல் பொசுங்கிற சூடு வேண்டாம்.

மூன்று, பல்லைக் கடிக்கிற பழக்கம். மழையிலும் குளிரிலும் பாரம் தூக்கும்போதும், வீட்டுக் கவலை மனதில் இருக்கும்போதும் நாம் அறியாமலே பல்லை இறுகக் கடிக்கிறோம். உதடு சேர்ந்திருக்கட்டும், பல்லும் பல்லும் தொடக்கூடாது. நாக்கு நுனி மேல் அண்ணத்தில் லேசாக இருக்கட்டும். கொழுந்து நிறுக்க நிற்கும்போதெல்லாம் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

நான்கு, மாத்திரை. பனடோல் என்று நாம் சொல்கிற பரசிட்டமோலை 500 மில்லிகிராம் அளவில் பெரியவர்கள் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போடக்கூடாது. அதுவும் சில நாளைக்குத்தான். கடையில் கேட்டு வாங்குகிற கடும் நோவு மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். டிஸ்பென்சரி ஐயாவைக் கேட்காமல் அவற்றை எடுக்க வேண்டாம்.

இரண்டு மூன்று கிழமைக்குள் குறையாவிட்டால் டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு கிடையாது. அவர்கள் தேவையென்று கண்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ எழுதித் தருவார்கள். கொடுத்த துண்டு, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த வைத்தியர் அதைப் பார்த்தால் அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்காது. அதுவே ஒரு சேமிப்பு.

தனியார் இடத்தில் செலவு பெரிதாகச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 2023ஆம் ஆண்டு பல நாட்டு வைத்தியர்கள் சேர்ந்து, நாள்பட்ட தாடை நோவுக்கு எது நல்லது என்று ஆராய்ந்து ஒரு வழிகாட்டியை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்னும் வைத்திய இதழில் வெளியிட்டார்கள். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, தாடைப் பயிற்சி, கையால் பிடித்துவிடும் இயன்முறை வைத்தியம், மனதைத் தளர்த்தும் பயிற்சி இவற்றைத்தான் அவர்கள் முன்னால் வைத்தார்கள். மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பது போன்றவை வேண்டாம் என்றார்கள். பல்லுக்கு மாட்டும் பிளேட்டைக்கூட எல்லோருக்கும் அவர்கள் சொல்லவில்லை. எனவே பல்லை ராவுவது, சத்திர சிகிச்சை போன்ற திருப்ப முடியாத வைத்தியத்துக்குக் கடன் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: "இது செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதைவிட லேசான வழி இருக்கா? மொத்தம் எவ்வளவு முடியும்?" பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து யோசியுங்கள். அரசாங்கப் பல் வைத்தியரிடம் இன்னொரு தடவை காட்டுங்கள்.

ஆனால் சில நேரம் பொறுக்கவே கூடாது. செலவு மிச்சம் பிடிக்கிற இடம் அது அல்ல.

வாய் திறந்தபடியே மூட முடியாமல் நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. லயத்தில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம். சீக்கிரம் போனால் லேசாக ஏற்றிவிடுவார்கள்.

கவ்வாத்துக் கத்தியோ முள்ளோ ஆணியோ காயப்படுத்திச் சில நாளில் தாடை இறுகினால் அது ஏற்பு வலியாக இருக்கலாம். உயிராபத்து. காயம் ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, உடனே போக வேண்டும்.

தாடை நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், கை உளைவு இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று படுக்காதீர்கள்.

கன்னம் வீங்கி, காய்ச்சல் அடித்து, விழுங்க முடியாமல் இருந்தாலும் அப்படியே.

கடைசியாக, நமக்கு ரொம்பவும் சொந்தமான ஒரு விசயம். வெத்தலை. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் வருவது எல்லாம் மூட்டு வருத்தம் அல்ல. பாக்குப் போடுகிறவர்களுக்கு உள்கன்னம் வெளுத்து, நார் நாராக இறுகி, உறைப்புப் பட்டால் எரியும். இது பாக்கினால் வருகிற வருத்தம். இதில் சிலருக்குப் புற்றுநோய் வரும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அறிவித்திருக்கிறது. "நான் பொயிலை போடுறதில்லை, எனக்கு ஒண்ணுமில்லை" என்ற பேச்சு இனிச் சரிவராது.

இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நடு மூன்று விரலையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பல்லுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். போகிறதா? நல்லது. இரண்டு விரல்தான் போகிறது என்றால், வெத்தலை போடுகிறவரானால், நோவு இல்லாவிட்டாலும் இந்தக் கிழமைக்குள் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பாக்கை இன்றோடு நிறுத்துங்கள். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பது எங்களுக்கும் தெரியும். நிறுத்துவது லேசல்ல. ஆனால் வாய் மூடிப்போன பிறகு திறப்பது அதைவிடக் கஷ்டம்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களின் நோவை "சும்மா சொல்றா" என்று தள்ளாதீர்கள். கிளினிக் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் தூக்குவதும் நீங்கள் செய்தால் அவர் ஒரே நாளில் போய் முடித்து வருவார். தள்ளிப் போட்டால் அது பல நாள் வேலையாகும்.

நோவை மறைக்க வேண்டாம். பயந்து கடன் படவும் வேண்டாம். கேட்டு, காட்டி, யோசித்துச் செய்வோம்.