கூரைக் கால்வாயும் சருகுக் காப்பும்



வீடு கட்டுவோர் கதவுக்கு நல்ல மரம் தேடுவார்கள். நிலை வைக்க நாள் பார்ப்பார்கள். சுவருக்கு வண்ணம் தெரிவு செய்ய ஊரெல்லாம் அலைவார்கள். ஆனால், கூரையின் ஓரத்திலே மழைநீரை ஏந்திச் செல்லும் தகரக் கால்வாயைப் பற்றி அவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. அது நிரம்பி வழிந்து, சுவர் ஊறி, உள்ளே சுண்ணாம்பு பெயர்ந்து விழும்போதுதான் அதன் நினைவு வருகின்றது. அக்கால்வாயில் இலையும் சருகும் சேராமல் தடுக்கும் காப்புகளுள் எதனைத் தெரிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். மிகச் சிறிய பொருள் என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும் குடிக்கும் தண்ணீர், கொசுவினால் வரும் நோய், காட்டுத் தீ, ஏணியில் ஏறும் மனிதனின் உயிர் ஆகிய நான்கும் இச்சிறு பொருளோடு பிணைந்துள்ளன.

முதலில் பெயரைப் பார்ப்போம். நம்மூர்க் கொத்தனாரும் தகர வேலைக்காரரும் இதனைக் 'கட்டர்' என்றே சொல்லுகின்றனர். இலங்கைத் தமிழர் 'பீலி' என்பர். போடிமெட்டைத் தாண்டினால் மலையாளத்திலே 'பாத்தி' என்பார்கள். நமக்குப் பாத்தி கீரைக்கு. அவர்களுக்கோ அது கூரைக்கு! சொல் எதுவாயினும் வேலை ஒன்றுதான். இப்பேச்சில் நான் 'கூரைக் கால்வாய்' என்றே வழங்குவேன்.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. மதுரையிலிருந்து 1928இல் வந்த இருப்புப்பாதை இவ்வூரோடு முடிந்துவிடுகின்றது. அதற்கு மேல் மலைச்சாலைதான். பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் போடிமெட்டு. அதற்கு அப்பால் ஏலமலை. இந்தச் சிறு தொலைவுக்குள் இரண்டு பருவங்கள் குடியிருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலைமேல் நாள்தோறும் பெய்து கொண்டிருக்கும்; அடிவாரத்தில் நமக்குப் பெரும்பாலும் காற்றுத்தான். நம்முடைய பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகின்றது.

மரங்களும் அவ்வாறே வேறுபடுகின்றன. அடிவாரத்து வீடுகளின்மேல் வேம்பும் புளியும் முருங்கையும் மாவும் கவிந்து நிற்கின்றன. வேம்பு மாசி பங்குனியில் இலையுதிர்க்கும். மலைமேலோ ஏலச்செடி நிழலை விரும்பும் செடி. நேர் வெயிலைத் தாங்காது. எனவே தோட்டத்தில் பலா, சந்தனவேம்பு, சில்வர் ஓக் முதலிய மரங்களை நிழலுக்காகக் காத்து வளர்க்கிறார்கள். சருகு விழுகின்றது என்று மரத்தை வெட்டுவது அங்கே நடவாத காரியம். மரம் போனால் நிழல் போகும்; நிழல் போனால் ஏலம் போகும். ஆகையால் மரத்தையும் வைத்துக்கொண்டு கூரையையும் காப்பது எப்படி என்பதே கேள்வி.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நம் வீட்டுக் கூரை 80 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டினால், அந்த மணி நேரத்தில் கூரையிலிருந்து இறங்கும் நீர் 4,800 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு 80 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் ஐந்து குடத்துக்கு மேல். இவ்வளவும் கால்வாய் வழியே ஓடி, ஒன்றிரண்டு குழாய்களின் வாயில் புகவேண்டும். அந்த வாயை நாலு பலா இலைகள் அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்? பதினைந்து சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் ஆழமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள கால்வாய் முழுவதும் நிரம்பினால் 150 லிட்டர் நீர் நிற்கும். அதன் எடை 150 கிலோ. மூன்று அரிசி மூட்டைகளைக் கூரையோரத்தில் கட்டித் தொங்கவிட்டதற்கு அது சமானம். தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகள் வளைவதில் வியப்பென்ன?

எடையோடு தீங்கு நின்றுவிடவில்லை. தேங்கிய நீரில், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களே போதும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கீழே தொட்டியையும் குடத்தையும் மூடிவைக்கும் இல்லத்தார் தலைக்கு மேலே ஒரு கொசுப்பண்ணையை வைத்திருப்பது நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மக்கிய சருகின் வழியே ஊறி வரும் நீர் நிறம் மாறி, நாற்றம் பிடித்துத் தொட்டியில் சேருமானால் அந்தச் சேமிப்பின் பயன் குறைந்துவிடும். ஏலக்காய் உலர்த்தி வைக்கும் கட்டடங்களிலோ, வழிந்த நீர் சுவரில் ஊறினால் காயில் ஈரமேறும், பூஞ்சணம் பிடிக்கும், பச்சை நிறம் கெடும். போடியின் ஏல மையத்திலே காயின் நிறத்துக்கும் விலை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கோடையிலே வேறோர் அபாயம். 2018 மார்ச்சு 11ஆம் நாள் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை இவ்வட்டாரம் மறக்கவில்லை. காட்டுத்தீ எழும்போது தணல் துணுக்குகள் காற்றில் நெடுந்தூரம் பறந்து வரும். அவை விழுவதற்கு உலர்ந்த சருகு நிறைந்த கூரைக் கால்வாயைவிடத் தோதான இடம் வேறில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் கட்டட விதிகள், காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளின் கூரைக் கால்வாயில் இலை சேராதபடி ஏற்பாடு இருக்கவேண்டும் என்று விதிக்கின்றன. மலைச்சரிவில் வாழும் நமக்கும் அது நல்ல பாடம்.

இனிக் காப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கம்பி வலை. கண் பெரிதாக இருந்தால் பலா இலையையும் மாவிலையையும் தடுக்கும். புளியிலையும் வேப்பிலைக் காம்பும் உள்ளே நழுவிவிடும். இரண்டாவது, மிக நுண்ணிய எஃகு வலை. அது புளியிலையையும் தடுக்கும். ஆனால் தூசியும் மகரந்தமும் அதன் கண்களை அடைக்கும். மலைமேல் மாதக்கணக்காக ஈரம் நிற்கும் இடங்களில் பாசியும் படரும். அடைபட்ட வலையின்மேல் பெருமழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் தாண்டிக் குதித்துவிடும். மூன்றாவது, துளையிட்ட அலுமினியத் தகடு. அது உறுதியானது, குரங்கு பிடித்து இழுத்தாலும் எளிதில் கிழியாது. நான்காவது, கால்வாய்க்குள்ளே படுக்கவைக்கும் நுரைப்பஞ்சும், குப்பி கழுவும் தூரிகை போன்ற நீண்ட தூரிகையும். பொருத்துவது எளிது, ஆனால் துணுக்குகள் அவற்றினுள் சிக்கி மக்கி, விதை விழுந்தால் அங்கேயே முளைக்கும். மேலும் இவையும் நெகிழி வலையும் தீப்பிடிக்கும் பொருள்கள். வெயிலில் நாளடைவில் நொறுங்கியும் போகும்.

ஐந்தாவது காப்பு சுவையானது. கால்வாயின்மேல் வளைந்த தகடு ஒன்றை மூடிபோல் வைத்து, ஓரத்தில் மட்டும் ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். நீர் தகட்டின் வளைவை ஒட்டிக்கொண்டு உள்ளே திரும்பும். இலை வெளியே விழும். இதன் தத்துவத்தை உங்கள் வீட்டிலேயே காணலாம். குவளையிலுள்ள நீரை மெல்லச் சாய்த்தால் அது குவளையின் புறத்தை ஒட்டி வழிகின்றது. விரைந்து ஊற்றினால் விலகி விழுகின்றது. தகட்டிலும் இதுவே நிகழும். தூறலுக்கு மிக நன்று. ஐப்பசி அடைமழையில் நீர் வளைவை விட்டு விலகிப் பாய்ந்துவிடும்.

ஆறாவது, எல்லாவற்றினும் எளியது: குழாயின் வாயில் கவிழ்த்து வைக்கும் கம்பிக்கூண்டு. இது கால்வாயில் சருகு விழுவதைத் தடுக்காது. குழாய் அடைபடுவதை மட்டும் தடுக்கும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1800இல் வோல்ட்டா என்ற அறிஞர் துத்தநாகத்தையும் செம்பையும் ஈரப்பொருளால் இணைத்து மின்கலம் செய்ததைப் படித்திருப்பீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகரக் கால்வாயின்மேல் செம்புக் கம்பி வலையைப் போட்டால், மழைநீர் இடையே நின்று அதே மின்கலத்தை நம் கூரையில் அமைத்துவிடும். அரிக்கப்படுவது துத்தநாகம், பிறகு இரும்பு துருப்பிடிக்கும். எனவே கால்வாயும் காப்பும் ஒரே இன உலோகமாகவோ, ஒன்றையொன்று அரிக்காத இனமாகவோ இருக்கவேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பீர்கள். விற்பவரிடம் கேட்பதற்கு முன் உங்கள் கூரையிடம் கேளுங்கள். ஒரு மாத காலம் கூரையோரத்தில் விழும் இலைகளைத் திரட்டி, அளந்து, குறித்து வையுங்கள். பின்னர் ஒரு சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் நீளக் கால்வாய்த் துண்டைத் தரையருகே பொருத்தி, அதற்கு மேல் ஒரு தகரத்தைச் சாய்வாக நிறுத்துங்கள். கூரைச் சரிவு நான்கு மீட்டர் எனில், முன்சொன்ன மழையில் ஒரு மீட்டர்க் கால்வாய்க்கு நிமிடத்துக்கு நான்கு லிட்டர் நீர் வரும். அந்த நான்கு லிட்டரையும் பூவாளியால் ஒரு நிமிடத்தில் தகரத்தின்மேல் சீராக ஊற்றுங்கள். முதலில் வெறும் வலையோடும், அடுத்து நீங்கள் திரட்டிய இலைகளைப் பரப்பியும் பாருங்கள். உள்ளே இறங்கிய நீர் எவ்வளவு, தாண்டி விழுந்தது எவ்வளவு என்று அளந்தால் விடை உங்கள் கையில் இருக்கும். விளம்பரத்தை நம்புவதற்கும் அளந்து அறிவதற்கும் உள்ள வேறுபாடே அறிவியல்.

என் கருத்தையும் சொல்லிவிடுகின்றேன். மாவும் பலாவும் போன்ற பேரிலை மரங்களுக்குத் துளைத்தகடு நன்று. புளியும் வேம்பும் மிகுந்த அடிவாரத்தில் நுண்வலை பொருந்தும். ஆனால் இலையுதிர்காலம் முடிந்த பின்னும், பெருமழைக்கு முன்னும் அதனைத் துலக்கவேண்டும். பாசி படரும் மலைவீடுகளில், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய சற்றே பெரிய கண்ணுள்ள உலோக வலையும், குழாய் வாயில் கூண்டும் போதும். எதுவானாலும் கால்வாய்க்குப் பத்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டரேனும் சாய்வு இருக்கட்டும். சாய்வில்லாத கால்வாயை எந்தக் காப்பும் காக்காது.

"இதைப் பொருத்திவிட்டால் ஆயுள் முழுதும் துலக்க வேண்டாம்" என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். துலக்க வேண்டாத காப்பு எதுவும் இல்லை. அடிக்கடி துலக்க வேண்டியதைச் சில முறையாகக் குறைப்பதே காப்பின் பயன். அந்தக் குறைவுக்குப் பெருமதிப்பு உண்டு. ஏனெனில் ஏணியில் ஏறுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்லர். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், மழைக்கு நடுவே சருகு எடுக்க ஏறிய ஏவலாளர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன்பின் ஓய்வு பெறும்வரை பள்ளிமணியை அவர் இடக்கையாலேயே அடித்தார். அந்த மணியோசை சற்றுத் தயங்கித் தயங்கி வரும். மலையிலே விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளரும், அங்கே மழையில் நனைந்த தகரத்தின்மேல் ஏறச் சொன்னால் மறுக்க இயலாதவர்களே.

ஆகவே, காப்பைத் தெரிவு செய்யும்போது விலையும் அழகும் மட்டும் பார்க்கலாகாது. இதனைத் துலக்கப் போகிறவர் யார், எத்தனை முறை ஏறவேண்டும், தரையில் நின்றே நீண்ட கழியால் துலக்க முடியுமா, ஏறத்தான் வேண்டுமென்றால் ஏணியைப் பிடிக்க மற்றொருவர் உண்டா என்று கேளுங்கள். மழைக்கு முன்னரே, உலர்ந்த நாளிலே அவ்வேலையை முடித்துவிடுங்கள். தண்ணீருக்கு வழிவிடுவதில் காட்டும் கவனத்தை, அந்த வழியைத் திறந்து வைக்கும் மனிதரிடத்தும் காட்டுவதே படித்தவர்க்கு அழகு.