மக்கள் தேர்ந்தெடுத்த அரசை நீக்குவது யார்?

(குண்டலுபேட்டையில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இவ்வூருக்குத் தெற்கே பந்திப்பூர்க் காட்டைக் கடந்தால் நீலகிரி. மேற்கே சென்றால் வயநாடு. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் வாழும் நமக்கு மாநில அரசு என்பது ஏட்டுச் சொல் அன்று. ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பயிற்றுமொழி, கபினி நீர், காட்டுச் சாலையில் 2009 முதல் நிலவும் இரவுப் போக்குவரத்துத் தடை என அனைத்தும் அதனோடு பிணைந்தவை. அவ்வரசை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை நீக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே இன்றைய கேள்வி.

கூட்டாட்சி என்றதும் பலரும் அமெரிக்காவைச் சுட்டுவர். 1787இல் பிலடெல்பியாவில் உருவான அதன் அரசமைப்பு, சட்டம் இயற்றக் காங்கிரஸ், நிறைவேற்றக் குடியரசுத் தலைவர், நீதி வழங்க உச்சநீதிமன்றம் என அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தது. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, செனட்டில் தலா இரண்டு இடங்கள். மாநில ஆளுநரை அம்மாநில மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்; வாஷிங்டன் அவரைப் பதவிநீக்க இயலாது.

ஆயினும் அந்த ஏற்பாட்டைக் கண்டு மயங்கிவிட வேண்டியதில்லை. பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணியதும் அதே அரசமைப்புதான். ‘மாநில உரிமை’ என்னும் முழக்கத்தைத் தென்மாநில அடிமை உடைமையாளர்கள் தமக்குக் கேடயமாக்கிக் கொண்டார்கள். அதிகாரப் பகிர்வு எந்த வர்க்கத்துக்குப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நமது அரசமைப்பின் முதல் பிரிவு இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்கிறது. ஆனால் ஆளுநர் ஒன்றிய அரசின் பரிந்துரையால் நியமிக்கப்படுபவர். அவரது அறிக்கையைக் கொண்டு 356ஆம் பிரிவின் கீழ் மாநில அரசை நீக்க முடியும். 1959 ஜூலை 31 அன்று, சட்டமன்றப் பெரும்பான்மை இருந்தும், தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு இவ்வாறே நீக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகத்தின் முறை வந்தது. 1989 ஏப்ரலில், ஜனதா தள முதல்வர் எஸ்.ஆர்.பொம்மைக்கு ஆதரவை விலக்கிக் கொள்வதாக 19 உறுப்பினர்களின் பெயரில் ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் கடிதங்கள் தரப்பட்டன. அவர்களுள் எழுவர், தம் கையொப்பம் ஏமாற்றிப் பெறப்பட்டதாகக் கூறி ஆதரவை மீண்டும் உறுதிப்படுத்தினர். சட்டமன்றத்தைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்க முதல்வர் முன்வந்தார். ஆளுநர் அதற்கு வாய்ப்பளிக்கவில்லை. ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1994 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே, ஆளுநர் மாளிகை அன்று. 356ஆம் பிரிவின் கீழான பிரகடனம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும் முன் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. கூட்டாட்சியும் மதச்சார்பின்மையும் அரசமைப்பின் அடிப்படைக் கூறுகள் என்றும் அது உரைத்தது. அதனால்தான், பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்து மூன்று பாஜக மாநில அரசுகள் நீக்கப்பட்டதை அதே தீர்ப்பு செல்லுபடியாகும் என்றது.

வழக்கில் நியாயம் வென்றது. ஆனால் பொம்மை அரசு மீளவில்லை. 1989 நவம்பரிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து வந்த நீதி, வருங்கால அரசுகளுக்கே அரணாயிற்று.

அரசை நீக்குவது கடினமானதும், அதை முடக்கும் வழி தேடப்படுகிறது. சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய 10 மசோதாக்களைத் தமிழ்நாடு ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது சட்டவிரோதம் என 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரிலோ, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது.

ஆகவே தோழர்களே, அதிகாரத்தை மூன்றாகப் பகுத்து எழுதி வைப்பதால் மட்டும் மக்களாட்சி காக்கப்படுவதில்லை. நீதிமன்றம் ஒரு களம். அதுவே முழுக் களம் அன்று. ஆளுநர் பதவியைக் குறித்த நமது விமர்சனத்தைக் கன்னடம், தமிழ், மலையாளம் பேசும் உழைப்பாளர்களிடம் அவரவர் மொழியில் கொண்டு செல்வோம். தாம் அளித்த வாக்கின் மதிப்பு அதில் அடங்கியுள்ளது என்பதை அவர்கள் உணரும்போதுதான் கூட்டாட்சிக்கு உண்மையான காவல் கிடைக்கும்.