பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்
(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் மாலை வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



பிள்ளைகளைக் கட்டுரை எழுதப் பழக்குவது பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தார்கள். முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

தொடக்கத்தில் நாங்கள் சிவப்பு மையோடுதான் உட்கார்ந்தோம். உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி 'மழைக்காலம்' பற்றி எழுதி வந்தாள். லகர ளகரம், ரகர றகரம், விட்டுப்போன ஒற்று என்று பக்கம் முழுவதும் வட்டமிட்டோம். ஒரு வாரம் அவள் வரவில்லை. பின்பு பிழையே இல்லாத கட்டுரை ஒன்றைக் கொண்டு வந்தாள். மழை வந்தால் மக்கள் யாவரும் மகிழ்வர் என்று உரைநூலில் உள்ளதை அப்படியே எழுதியிருந்தாள். நாங்களும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தோம். அதுவே எங்கள் பெரிய தவறு.

பின்னொரு நாள், "மழை வந்தால் உங்கள் வீட்டில் எப்படி அம்மா?" என்று கேட்டோம். "பாத்தியில் உப்பு கரைந்துவிடும் அக்கா. அம்மாவுக்கு வேலை இருக்காது. கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவோம்" என்றாள். "இதையே எழுது" என்றோம். "இதையெல்லாம் எழுதலாமா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. தன் வாழ்வு எழுதத் தகாதது என்று அவள் எண்ணும்படி செய்தவர்கள் நாங்களல்லவா?

அமெரிக்காவில் நியூயார்க் நகரக் கல்லூரியில் மினா ஷானசி என்ற ஆசிரியை, புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்து ஆராய்ந்து, 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிழை சோம்பலால் வருவதன்று, அதன் பின்னே மாணவனின் ஒரு கணக்கு உண்டு என்று காட்டினார். நம் பிள்ளை 'மழ' என்று எழுதினால், காதில் கேட்டபடி எழுதுகிறான் என்றே பொருள். இத்தாலியிலிருந்து வந்து, வளர்ந்த பின் தமிழ் கற்று, 1732-இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவரும் பிழை செய்யாமலா கற்றிருப்பார்?

எழுத்து ஒரே மூச்சில் முடிவதன்று. முதலில் பிள்ளை வாயால் சொல்லட்டும். பிறகு பிழைக்கு அஞ்சாமல் எழுதட்டும். எழுதியதை உரக்க வாசிக்கட்டும். தடுக்கும் இடம் அவனுக்கே தெரியும். விட்டதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கிய பிறகே எழுத்துப் பிழையைப் பார்ப்போம். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை போதும்.

"எங்களுக்குப் படிப்பில்லையே" என்று சொல்லும் தாய்மாரே, கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. "வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். புரியாத இடத்தில் "அப்புறம்?" என்று கேளுங்கள். பேனாவை மட்டும் வாங்கி நீங்களோ அண்ணனோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எம்மாவு வழியில் நம் ஆண்டவர் எல்லாம் அறிந்திருந்தும், என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று முதலில் கேட்டார். சீடர்கள் சொல்லி முடித்த பிறகே விளக்கினார். அதுவே எங்களுக்குப் பாடம்.

அந்த மகள் உப்பளத்து மழையை மூன்று முறை திருத்தி எழுதினாள். இன்னும் சில ஒற்றுப் பிழைகள் உண்டு. ஆனால் இப்போது சின்னப் பிள்ளைகள் எழுதியதை வாசிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவள் அவள்தான்.